கரீமுல்லாவின் கடிகாரமும் அழிந்த இரண்டு வரிகளும்

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது எங்களைப் பள்ளியிலிருந்து மயிலாப்பூரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். குளம், தேர் முட்டி, பழைய அச்சகம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கச்சேரி சாலையில் ஒரு செல்போன் கடை வாசலில் நிறுத்தினார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எங்களை நடத்திக்கொண்டு வந்த ஆடிட்டர் ஸ்ரீகிருஷ்ணா மட்டும் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "இது கதையில்லை, ஆவணம்" என்று ஆரம்பித்தார்.

ஒரு காலத்தில் அந்த இடத்தில் கரீமுல்லா என்ற கடிகாரக்காரர் கடை வைத்திருந்தாராம். கடை முகப்பில் பெரிய கடிகாரம் ஒன்று. அது எப்போதும் கால் மணி நேரம் பின்னால் ஓடும். ஊரிலுள்ள கடிகாரத்தையெல்லாம் சரிசெய்கிறவர் அதை மட்டும் தொட மாட்டார். பள்ளிக்குத் தாமதமான வாத்தியார், கச்சேரிக்குத் தாமதமான குமாஸ்தா, முகூர்த்தத்துக்குத் தாமதமான சம்பந்தி வீட்டார் எல்லோரும் அதன் கீழே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "கரீமுல்லா கடிகாரப்படி சரியான நேரம்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஊரும் அதை ஒப்புக்கொண்டது. ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்து முள்ளைத் திருப்பி வைக்கச் சொன்னபோது, அது பின்தங்கவில்லை, ஒருவருக்காகக் காத்திருக்கிறது என்றாராம் கரீமுல்லா. கால் மணியில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போன தம்பி அவருக்கு இருந்தான். அவன் திரும்பவில்லை. அந்தக் கடிகாரம் மணி அடிக்கும்போது ஒன்று குறைத்தே அடிக்கும். பல வருஷங்கள் கழித்து, மழை பெய்யும் ஒரு மாலையில், முன்பின் தெரியாத ஒருவர் கடைக்குள் வந்து, பழுது பார்க்கச் சொல்லித் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கரீமுல்லா எடுத்துப் பார்த்தார். அதுவும் கால் மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ரீகிருஷ்ணா குடையை நிமிர்த்தினார்.

"அப்புறம் சார்?" என்று கேட்டது நான்தான்.

"அவ்வளவுதாம்மா. கடைசி ரெண்டு வரி தண்ணி பட்டு அழிஞ்சுடுத்து."

மற்றப் பிள்ளைகள் எதிரிலிருந்த பழரசக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அந்த வயதிலேயே நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் மூழ்கிக் கிடப்பவள். பெயரைச் சொல்ல வராத ஊர்களில், பனி பெய்யும் தெருக்களில், சாதாரண மனிதர்களுக்கு விநோதமாக ஏதாவது நடக்கும். அப்படி ஒன்று நாங்கள் காய்கறி வாங்கப் போகும் கச்சேரி சாலையில் நடந்திருக்கிறது, அதுவும் உண்மையாகவே நடந்திருக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான், இப்போது பத்து வருஷத்துக்கு மேலான பிறகு, தரமணியில் அலுவலக மேஜையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்ததும் மேலாளர் பேசிக்கொண்டிருப்பதையே மறந்து பதில் அனுப்பினேன். ஸ்ரீகிருஷ்ணாவின் மயிலை ஆவணச் சங்கத்துக்கு உருது வாசிக்கத் தெரிந்தவர் தேவை என்றிருந்தது. பெயர் சிம்ரா, ராயப்பேட்டை, அம்மா நஸ்ருன்னிசாவிடம் உருது எழுதப் படிக்கக் கற்றவள் என்று அனுப்பினேன். என்ன ஆவணம் என்று கேட்கவே இல்லை. எனக்குத் தெரியும்.

சங்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இப்போது பல் மருத்துவமனை. செயலாளர் நீரஜா கல்லூரியில் சரித்திரம் கற்பிப்பவர். நாற்பது வயதிருக்கும், வேகமாகப் பேசுவார். உள்ளே நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, தாமதமாகவில்லை என்று நிம்மதியானேன். பிறகு கைபேசியைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் கால் மணி பின்னால் இருந்தது.

"கரீமுல்லா ஞாபகார்த்தமா அப்படியே வெச்சிருக்கோம். யாரும் தொடப்படாதுன்னு தீர்மானமே போட்டாச்சு" என்றார் நீரஜா.

சங்கத்தின் வேலைமுறையை அவர்தான் விளக்கினார். ஆரம்பித்தவர்கள் வைத்த விதி ஒன்று இன்றும் மாறவில்லை. எந்தக் காகிதமும் அலமாரிக்குள் போய் எண் பெறுவதற்குமுன், புதன்கிழமைக் கூட்டத்தில் முழுக்க உரக்க வாசிக்கப்பட வேண்டும். பத்து பேரோ இருபது பேரோ, வந்திருப்பவர்கள் கேட்க வேண்டும். சந்தேகமிருந்தால் குறுக்கிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, சாக்கடை கேட்டு எழுதிய மனு, டிராம் டிக்கெட்டின் பின்பக்க விளம்பரம் எல்லாமே அப்படித்தான் உள்ளே போயிருக்கின்றன. ஒரு பஸ் கால அட்டவணையை இரண்டு வாரம் வாசித்தார்களாம். வாசித்துக் கேட்டுவிட்டால் அது சபையறிந்த விஷயம். மறுபடி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

எண் நானூற்றுப் பன்னிரண்டு என்பது ஒன்பது தாள்கள் கொண்ட உருதுக் கட்டு. அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் ஹபீபுர் ரஹ்மான் என்ற இளைஞர் மூன்று புதன்கிழமைகளில் வாசித்து, அங்கேயே தமிழில் சொன்னார். அவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதி வைத்தார்கள். நாற்பது வருஷமாக ஊர் சொல்வது அந்தக் குறிப்பைத்தான். இப்போது ஆகஸ்டில் மெட்ராஸ் வாரத்துக்கு அதைத் தனிப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். மூலத்திலிருந்து வரிக்கு வரி புது மொழிபெயர்ப்பு வேண்டும். நல்ல ஸ்கேனர் ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறது. அதில் அந்த இரண்டு வரிகளும் தெரிந்துவிட்டால்?

புத்தகத்தின் அட்டையை ஏற்கெனவே வரைந்துவிட்டிருந்தார்கள். கடிகாரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், தமிழில்: சிம்ரா. என் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைவிட, மழையில் வந்த அந்த ஆள் யார் என்பதை உலகத்தில் முதல் ஆளாக நான் படிக்கப்போகிறேன் என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

படங்களை மடிக்கணினியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவசர அவசரமாக எழுதப்பட்ட கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து வித்தியாசம் காட்டும் புள்ளிகளே இல்லை. முதல் இரண்டு நாட்கள் ஒரு வரிகூட நகரவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எழுதியவருக்கு ஏதோ ரயிலைப் பிடிக்கிற அவசரம் என்றாள். பிறகு மெல்ல மெல்ல எழுத்தின் போக்கு பிடிபட்டது. ஜன்னல் என்ற சொல் வந்தது. சுவர் வந்தது. மறுபடி சுவர். சாட்சி. மறுபடி ஜன்னல்.

கடிகாரம் வரவில்லை.

ஒன்பது தாள்களையும் முடித்தேன். கரீமுல்லா என்று யாருமில்லை. தம்பி இல்லை, அதிகாரி இல்லை, மழை இல்லை. மயிலாப்பூரில் மாடி வீட்டில் வசித்த அஸ்மத்துன்னிசா என்ற பெண், பக்கத்து வீட்டுக்காரர் தன் மொட்டைமாடிச் சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார் என்று கொடுத்த புகாரின் விசாரணை அது. தாள்களின் வரிசை சரியாக இருந்தது. வேறு கட்டோடு கலந்துவிட்டதா என்று நீரஜாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அலமாரியில் உருதுக் காகிதமே இது ஒன்றுதான் என்றார். கடைசி வரி தெரிந்ததா என்று ஆவலோடு கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

வாசித்தவர் எங்காவது இருக்கிறாரா என்று விசாரித்தேன். நீரஜாவிடம் முகவரி இல்லை. கீழே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்தவர் என்று மட்டும் குறிப்பில் இருந்தது. இன்ஸ்டிடியூட்டின் பழைய மாணவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு குழு வைத்திருந்தார்கள், எனக்கே சிரிப்பு வந்தது. ஒரே நாளில் எண் கிடைத்தது. ஹபீபுர் ரஹ்மான் தரமணியில், என் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஐடி கம்பெனிகளுக்கு வேன் விடுகிறார். அவருடைய வேனில் நானே எத்தனை முறை போயிருப்பேனோ.

மதிய இடைவேளையில் போனேன். வேன்கள் வரிசையாக நிற்கும் ஒரு காலி மனை, ஓரத்தில் தகரக் கூரை போட்ட அலுவலகம். அறுபது வயது, சாயமிட்ட தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. சங்கத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் முழுக்க விரிந்தது. பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார். நான் மடிக்கணினியைத் திறந்து முதல் தாளைக் காட்டினேன்.

"இதில் கடிகாரம் எங்கே அங்கிள்?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உனுக்கு உருது தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப மாட்டிக்கினேன்" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை.

நடந்தது இதுதான். சங்கத்துக்கு உருதுக் காகிதம் வந்திருந்தது, வாசிக்க ஆளில்லை. புதன்கிழமை கூட்டம் கூடிவிட்டது. உறுப்பினர் ஒருவர் கீழே இறங்கி வந்து டைப்ரைட்டிங் வகுப்பில் முஸ்லிம் பையன் யாராவது உண்டா என்று கேட்டார். இவர் கை தூக்கினார். அவ்வளவுதான், மேலே அழைத்துப் போய் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

"நாங்க தமிழ் முஸ்லிம்மா. எங்க ஊட்ல யாருக்கும் உருது வராது. ஓதத் தெரியும், அரபி எழுத்து தெரியும். ஆனா அந்தக் கையெழுத்து கீதே, எறும்பு மையில வுழுந்து ஓடுன மாதிரி. ஒண்ணும் பிரியல."

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எங்கமா சொல்லவுட்டாங்க? முஸ்லிம்னா உருது தெரியும்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. கையில காபி குடுத்துட்டாங்க. இருபது பெரிய மனுஷங்க என் வாயையே பாத்துக்கினு குந்திகிறாங்க. அதுக்கு முன்னாடி நான் பேசுறத யாரும் குந்தி கேட்டதேயில்ல."

என்ன சொல்வதென்று தெரியாமல் நிமிர்ந்தபோது எதிரே சுவரில் கடிகாரம் தெரிந்ததாம். டைப்ரைட்டிங் வகுப்பு முடிகிற நேரமாகிறதே என்று பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். சுவர்க் கடிகாரம் கால் மணி பின்னால் ஓடியது. வாயைத் திறந்தார், கரீமுல்லா வந்துவிட்டார்.

 கரீமுல்லாவின் ஞாபகமாகச் சங்கம் தன் கடிகாரத்தைத் தாமதமாக வைத்திருக்கிறது. அந்தக் கடிகாரம் தாமதமாக ஓடியதால்தான் கரீமுல்லாவே பிறந்திருக்கிறார்.

அடுத்த புதன்கிழமை அவரே முன்னதாகப் போய்விட்டாராம். கேட்பவர்கள் கேள்வி கேட்பார்கள். சால்வை போர்த்திய ஒல்லியான பெரியவர் ஒருவர், தலைவராம், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அந்தக் கடிகாரம் மணி அடிக்குமா என்று அவர்தான் கேட்டார். அதனால் அது ஒன்று குறைத்து அடிக்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் கதை சூடு பிடித்து, மழையில் அந்த ஆள் கடைக்குள் வந்து கடிகாரத்தை மேஜைமேல் வைத்த இடத்தில் இவர் குனிந்து பார்த்தால், கையில் இருப்பது கடைசித் தாள்.

"பக்கம் தீந்துபோச்சுமா. நான் கவனிக்கவே இல்ல. சரின்னு நிறுத்திட்டேன். அந்தப் பெரியவர் தாள் மேல வெரல வெச்சு, ‘இன்னும் ரெண்டு வரி இருக்கே தம்பி’ன்னாரு. பாத்தா தண்ணி பட்டு கலைஞ்சுகீது. ‘அது அழிஞ்சுபோச்சு சார்’னேன். மூணு வாரத்துல நான் சொன்ன ஒரே நெசம் அதான்."

நான் கேட்க வந்த கேள்வியைக் கடைசியில் கேட்டேன். அந்த ஆள் யார்? தம்பியா?

ஹபீபுர் ரஹ்மான் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியலமா. நெசமா தெரியல. தெரிஞ்சிருந்தா பக்கம் தீர்றதுக்குள்ள சொல்லியிருக்கமாட்டனா? துபாய்ல இருந்தப்பகூட சில நாளு யோசிச்சேன். தம்பின்னு வெச்சா ரொம்ப சுளுவா முடிஞ்சிடுது."

இந்தப் புதன்கிழமை நான் சபையில் வாசிக்க வேண்டும் என்றேன். அவரும் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் ஷிப்ட் மாறுகிறது, ஒரு டிரைவர் வேறு ஊருக்குப் போய்விட்டான், முடியாது என்றார். உங்கள் பெயர் கெட்டுப்போகுமே என்றதற்கு, கொடுத்த காபியைத் திருப்பிக் கேட்பார்களா என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீயும் சும்மா சொல்லேன். யாருக்குத் தெரியப்போவுது? முடிவு ஒண்ணு வெச்சுடு. எனுக்கும் தெரிஞ்சா மாதிரி இருக்கும்."

அந்த வாக்கியம் மாலையில் என்னோடு பறக்கும் ரயிலில் ஏறிக்கொண்டது. திருவான்மியூர், இந்திரா நகர் என்று நிலையங்கள் கடந்துபோக, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன். மனதில்தான். இரண்டே வரி. அது நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை. உருதுவிலும் சொல்லிப் பார்த்தேன், இன்னும் நன்றாக இருந்தது. ஸ்கேனரில் தெரிந்தது என்று சொன்னால் போதும். புத்தகம் வரும், அட்டையில் என் பெயர் வரும், ஸ்ரீகிருஷ்ணா குடையைச் சாய்த்துக்கொண்டு என் வரிகளைச் சொல்லி முடிப்பார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிம்மதியாகச் சாப்பிடுவாள். உண்மையைச் சொன்னால் அந்தச் செல்போன் கடை வெறும் செல்போன் கடையாகிவிடும். மயிலாப்பூர் வந்தும் இறங்க மறந்து கலங்கரை விளக்கம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டில் மறுபடி ஒன்பது தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கடிகாரத்தைத் தேடிப் படித்ததால் முதல் தடவை எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை கூட்டத்துக்கு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். முடிவு தெரியப்போகிறது என்று நீரஜா எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தார். முன்வரிசையில் ஸ்ரீகிருஷ்ணா புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். சங்கத்தின் சுவர்க் கடிகாரம் ஆறைக் காட்டியபோது, அதாவது ஆறேகாலுக்கு, என்னை அழைத்தார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். ஹபீபுர் ரஹ்மான் சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. பொய் சொல்ல அதைவிட வசதியான நாற்காலி உலகத்தில் கிடையாது.

முதலில், இதில் கடிகாரம் இல்லை என்றேன். யாரோ இருமினார். வேறொன்றும் விளக்காமல் வாசிக்கத் தொடங்கினேன், ஒரு வாக்கியம் உருதுவில், ஒரு வாக்கியம் தமிழில்.

அஸ்மத்துன்னிசா சொல்கிறாள்: என் மாடி ஜன்னலிலிருந்து கடல் தெரிந்தது. பக்கத்து வீட்டார் சுவரை உயர்த்திய பிறகு தெரியவில்லை. நான் வீட்டைவிட்டு வெளியே போகாதவள். எனக்குக் கடல் அந்த ஜன்னலில்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: அந்த ஜன்னலிலிருந்து எந்தக் காலத்திலும் கடல் தெரிந்ததில்லை. இந்த அம்மாள் வானத்தைப் பார்த்துவிட்டுக் கடல் என்கிறாள். தண்ணீர் கொண்டுவருகிறவன் சாட்சி: மாடிக்குக் குடம் தூக்கிப் போகும்போது நீலமாகப் பார்த்திருக்கிறேன், அதில் வெள்ளையாக ஒன்று நகர்ந்தது, பாயாக இருக்கலாம். பால்காரி சாட்சி: நீலமாகத்தான் இருந்தது, ஆனால் நகர்ந்தது மேகம். ஓதிக் கொடுக்க வருகிறவர் சாட்சி: நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை, ஆனால் காற்றில் உப்பு இருக்கும். இப்படியே ஒருவர்பின் ஒருவராகப் பலர். விசாரித்தவருக்குப் பொறுமை போய்விட்டது. கடைசித் தாளில் அவரே நேரில் வருகிறார். சுவரில் சாய்க்க ஏணி கேட்கிறார். ஏணி வருகிறது. ஏறுகிறார். ஏறிப் பார்த்தபோது...

நான் நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றார் ஸ்ரீகிருஷ்ணா. தன்னை மறந்து கேட்டுவிட்டார் போலிருந்தது.

"அடுத்த இரண்டு வரிகள் அழிந்துவிட்டன சார். ஸ்கேனரில் ஒரே ஒரு சொல் தெரிகிறது. நீலம்."

 பிறகு ஸ்ரீகிருஷ்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் தணிந்திருந்தது. "இருபது வருஷமா அந்த முக்குல நின்னுண்டு, இது கதையில்லை ஆவணம்னு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிண்டிருக்கேன். நான் ஒரு ஆடிட்டர்."

"ஊரார் கணக்குக்கெல்லாம் வவுச்சர் கேட்பேள். இதுக்கு நாம யாருமே கேக்கலை" என்றார் நீரஜா. குத்தலாகத் தொடங்கியவர் பாதியில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

நான் தரமணிக்குப் போனதையும் அங்கே கேட்டதையும் சொன்னேன். வாசித்தவர்மேல் தவறில்லை, கேட்டவர்கள் அவர் யாரென்று கேட்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். வார்த்தை சரியாக வரவில்லை. தலைவர் தாள்மேல் விரல் வைத்ததைச் சொன்னபோது நீரஜா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்தத் தலைவர் தன் தாத்தாவுக்குச் சிநேகிதர், ஹைதராபாத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் என்றார். பிறகு, "அவருக்கு உருது நன்னாத் தெரியும். அது எனக்கு இப்பத்தான் தோணறது" என்றார்.

மூன்று வாரம், வேறொன்றைப் படித்துக்கொண்டே, அவர் கரீமுல்லாவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மணி அடிக்குமா என்றுவேறு கேட்டிருக்கிறார். உருதுவில் ஏணி சாய்ந்து நிற்க, தமிழில் மழைக்குள்ளிருந்து ஒருவர் வர, இரண்டும் ஒரே இடத்தில் நின்றுபோனதைப் பார்த்தவர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான்.

அப்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஹபீபுர் ரஹ்மான் வேன் சாவியோடு நின்றார். அவர் பார்வை நேராகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"லேட்டு இல்லியே" என்றார்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சிலர் சிரித்தார்கள். யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். நீரஜா பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். ஹபீபுர் ரஹ்மான் உட்காரவில்லை. முன்வரிசைக்கு வந்து ஸ்ரீகிருஷ்ணாவின் எதிரில் நின்றார்.

"சார், ஒருவாட்டி அந்த முக்குல கூட்டத்தோட கூட்டமா நின்னு நானும் கேட்டேன். என்னைவிட நல்லா சொன்னீங்க. அந்தக் கொடையச் சாய்ச்சது சூப்பர்."

ஸ்ரீகிருஷ்ணா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்த மழையில வந்தது யாரு?" என்றுதான் கேட்டார்.

"சத்தியமா தெரியாது சார்."

"தம்பியா இருக்க முடியாது. அது சரியா வராது."

"வராது சார். நானும் அதான் சொல்றேன்."

இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். நீரஜா மேஜையைத் தட்டி, கூட்டம் முடிவெடுக்க வேண்டும் என்றார். நானூற்றுப் பன்னிரண்டு இன்றுதான் முதன்முறையாக வாசிக்கப்பட்டது என்று பதிவாயிற்று. கரீமுல்லா இனி கூட்டக் குறிப்பில், ஹபீபுர் ரஹ்மான் சொன்ன கதையாக, அவர் பெயரிலேயே இருப்பார். புத்தகம் தள்ளிப்போனது. அட்டையை மாற்றி வரைய வேண்டும். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் கூடத்தின் பின்பக்கம் சண்டை ஆரம்பித்துவிட்டது. தண்ணீர்க்காரன் சொன்னதுதான் சரி என்றார் ஒருவர். பால்காரிக்குப் பொய் சொல்ல என்ன காரணம் என்றார் இன்னொருவர். காற்றில் உப்பிருந்தால் கடல் தெரிந்தாக வேண்டுமா என்ன என்று ஒரு அம்மாள் கேட்டார். பூட்டுகிற நேரம் தாண்டியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஸ்ரீகிருஷ்ணா தாளை வாங்கி, தனக்குத் தெரியாத எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார், இடமிருந்து வலமாக. நான் திருத்தவில்லை.

"வீடு எந்தத் தெருன்னு போட்டிருக்கா?" என்றார்.

பள்ளிவாசலுக்குக் கிழக்கே இரண்டாவது சந்து என்றிருக்கிறது என்றேன். அங்கே இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு, தன்னிடம் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார், பழைய வீடு மாடியோடு எவ்வளவு உயரமிருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த உயரத்தில் நின்று பார்க்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் எத்தனை கட்டடம் வந்துவிட்டது, ஒன்றும் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை காத்தால போயிடலாம். ஜன்னல் உயரத்துக்கு வெளிப்பக்கம் நிக்கணும்னா ஏணி வேணுமே."

"ஏணி நான் கொண்டாரேன் சார்" என்றார் ஹபீபுர் ரஹ்மான், காபியை ஆற்றிக்கொண்டே. "வேன் மேல எப்பவும் ஒண்ணு கீது."